அயர்லாந்தின் ஐரிஷ் மொழியும் நீர்கொழும்புக் கரைத் தமிழும்

மொழியுரிமை பற்றிய சொற்பொழிவுகளில் அயர்லாந்து எடுத்துக்காட்டாக வருவதை மாணவப் பருவந்தொட்டுக் கேட்டு வருகின்றேன். ஆங்கிலேயரின் ஆட்சியில் நசுங்கிக் கிடந்த ஒரு சிறு நாடு, தனக்கென ஓர் அரசு வாய்த்ததும் தன் மொழியை அரியணை ஏற்றிற்று. அவ்வாறே நாமும் ஏற்றுதல் வேண்டும் என்பது அப்பேச்சுக்களின் போக்கு. அரியணை ஏறியது உண்மை. ஏறிய மொழியை அந்நாட்டார் தம் வீடுகளில் எத்துணைப் பேர் பேசுகின்றனர் என்பதை மட்டும் எந்தப் பேச்சாளரும் சொல்லக் கேட்டிலேன். சில ஆண்டுகளின் முன் உயர்தர வகுப்பில் இவ்வரலாற்றை நான் கூறிக்கொண்டிருந்தபொழுது, பின்வாங்கிலிருந்த ஒரு மாணவி எழுந்து, "அப்படியெனில் அயர்லாந்துக்காரர் இன்று ஏன் சேர் ஆங்கிலம் பேசுகின்றனர்?" என வினவினாள். அன்று அவளுக்கு நான் அளித்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. அவ்விடையைத் திருத்த முயன்றதன் பயனே இக்கட்டுரை. தேடிச் சென்ற வழி அயர்லாந்திற் றொடங்கி, நான் எதிர்பாராதவாறு, எமது தீவின் நீர்கொழும்புக் கரையிற் கொண்டுபோய் விட்டது.

ஐரிஷ் மொழியைச் சட்டம் கொன்றது என்பது பொதுவான எண்ணம். சட்டங்கள் இருந்தமை மெய்யே. 1366இல் கில்கெனி நகரில் இயற்றப்பட்ட சட்டங்கள், அயர்லாந்திற் குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் பேசலாகாது என விதித்தன. குடியேறியவர் தம் மொழியை மறந்து உள்ளூர் மொழிக்கு மாறிக்கொண்டிருந்தமையால் ஆட்சியாளர் அஞ்சிய காலம் அது. 1537இல் எட்டாம் ஹென்றியின் சட்டம் ஆங்கில மொழியையும் ஆங்கில உடையையும் யாவர்க்கும் உரியனவாக்க முயன்றது. 1737இல் நீதிமன்றங்களில் ஆங்கிலமே வழங்கல் வேண்டும் எனச் சட்டம் வந்தது. இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும், பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபொழுது நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐரிஷ் பேசினர் என்பது வரலாற்றாசிரியரின் மதிப்பு. நானூறு ஆண்டுச் சட்டங்களால் ஆகாத காரியம், அதன்பின் இரண்டு தலைமுறைக்குள் முடிந்துவிட்டது. எவ்வாறு முடிந்தது என்பதே கருதத்தக்கது.

1831இல் நாடெங்கும் தேசியப் பாடசாலைகள் நிறுவப்பட்டன. அவற்றின் போதனாமொழி ஆங்கிலம். வீட்டில் ஐரிஷ் மட்டுமே அறிந்த பிள்ளைக்கும் முதல் எழுத்து ஆங்கில எழுத்தாகவே அமைந்தது. அக்காலத்துக் கிராமங்களிற் பிள்ளைகளின் கழுத்தில் ஒரு சிறு கோலை நூலிற் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. பிள்ளை ஐரிஷ் பேசுந்தோறும் கோலில் ஒரு வெட்டு விழும். வெட்டுக்களை எண்ணி அடி கொடுக்கப்படும். இதனைப் படிக்கும் எவரும் அந்நிய ஆட்சியின் கொடுமை என்றே முதலில் எண்ணுவர். ஆனால் வீட்டிலே அந்தக் கோலில் வெட்டு இட்டவர் பெரும்பாலும் பெற்ற தாயும் தந்தையுமே. ஆசிரியருக்கு அதனை எண்ணும் வேலைதான் இருந்தது. தாம் பேசும் மொழியைத் தம் பிள்ளை பேசலாகாது என்று பெற்றோர் விரும்பினர். ஐரிஷ் பேசுபவன் கூலிக்காரனாகவே இருப்பான், ஆங்கிலம் அறிந்தவன் கப்பலேறிப் பிழைத்துக்கொள்வான் என்பது அவர்களின் கணக்கு. ஐரிஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்த பெருந்தலைவர் டானியல் ஓ'கொன்னலும், அம்மொழி வழக்கொழிவதைத் தாம் பெருமூச்சின்றிக் காண இயலும் என்ற கருத்தினராகவே இருந்தார்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் பற்றிப் பெரும்பஞ்சம் உண்டாயிற்று. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதேயளவினர் நாட்டைவிட்டு நீங்கினர். பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மேற்குக் கரையே ஐரிஷ் பேசியோர் செறிந்த இடமாதலால், மாண்டவருள்ளும் நீங்கியவருள்ளும் அவர்களே மிகுதி. இடப்பெயர்வு என்பதை உடையார்கட்டில் வாழும் எவர்க்கும் விளக்கவேண்டுவதில்லை. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எமது ஊரே பெயர்ந்தது. பாடசாலை இடாப்புக்கள், புத்தகங்கள், உறுதிகள் யாவும் போயின. ஆயினும் நாம் சென்றடைந்த முகாமிலும் அயற்கொட்டிலில் இருந்தவர் தமிழரே. பொஸ்ரன் துறைமுகத்தில் இறங்கிய ஐரிஷ் உழவனுக்கு அந்த ஆறுதலும் வாய்க்கவில்லை. ஊரில் எஞ்சியவருக்கோ, மகன் கடல்கடந்து எழுதும் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. 1851இற் குடிசன மதிப்பில் முதன்முறையாக மொழி பற்றிய வினா இடம்பெற்றபொழுது ஐரிஷ் பேசியோர் ஏறத்தாழ 15 இலட்சம். 1911இல் அத்தொகை 6 இலட்சத்துக்குங் குறைந்துவிட்டது.

இந்நிலையிலேதான் டக்ளஸ் ஹைட் தோன்றினார். அவர் ஐரிஷ் குடியானவர் மரபினர் அல்லர். புரட்டஸ்தாந்து மதகுருவொருவரின் மகன். றொஸ்கொமன் பகுதியிற் சிறுவனாக இருந்தபொழுது வேட்டைக்காட்டுக் காவலரொருவரிடமும் அயலிலுள்ள முதியோரிடமும் அம்மொழியைக் கேட்டுக் கற்றவர். 1892ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி டப்ளினில் அவர் ஆற்றிய உரை, ஆங்கிலேயரை வெறுத்துக்கொண்டே ஆங்கிலேயரைப்போல் வாழ முயலும் தம் நாட்டவரின் முரண்பாட்டை இடித்துரைத்தது. மறுவருடம் யூலை 31இல் கேலிக் கழகம் தோன்றிற்று. கழகம் ஊர்தோறும் மாலை வகுப்புக்களை நடத்திற்று. 1913 முதல் தேசியப் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வுக்கு ஐரிஷ் கட்டாயமாகும்படி செய்தது. மொழிப்பணி கட்சி அரசியலுட் புகலாகாது என்பது ஹைட்டின் கொள்கை. 1915இற் கழகம் அக்கொள்கையை விட்டபொழுது அவர் தலைமைப் பதவியைத் துறந்தார். அவரே 1938இல் நாட்டின் முதற் சனாதிபதியானார் என்பதை வரலாற்றின் விளையாட்டு என்றே சொல்லவேண்டும்.

1922இல் அரசு கைக்கு வந்தது. அவ்வாண்டே எல்லா ஆரம்பப் பாடசாலைகளிலும் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலமாவது ஐரிஷ் கற்பித்தல் வேண்டும் என்று விதி பிறந்தது. 1937ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஐரிஷைத் தேசிய மொழி என்றும் முதலாவது அரசகரும மொழி என்றும் கூறி, நாட்டார் யாவரும் பேசும் ஆங்கிலத்தை இரண்டாவதாக வைத்தது. இதற்கிடையில் 1925இல் அமைக்கப்பட்ட ஓர் ஆணைக்குழு, மேற்குக் கரையில் ஐரிஷ் இன்னும் வீட்டுமொழியாக வழங்கிய ஊர்களை ஆராய்ந்து எல்லை கீறியது. அக்குழு கண்ட செய்தி ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. அவ்வூர் மக்களிடம் சென்ற புதிய அரசின் அலுவலர் பலர் மக்களோடு பேசியது ஆங்கிலத்திலேயாம். டப்ளினிற் சிறுவர் ஐரிஷ் இலக்கணத்தை மனனஞ் செய்துகொண்டிருக்க, ஐரிஷைத் தாய்மொழியாகக் கொண்ட கிழவன் தன் காணிக் கருமத்துக்காக ஆங்கிலத்தில் வாதாடினான். 1973 வரையும் ஐரிஷிற் சித்தியெய்தாதவர் பாடசாலை இறுதிச் சான்றிதழைப் பெற இயலாதிருந்தது. இவ்வளவு கட்டாயம் இருந்தும் வீட்டுமொழி எல்லைகள் ஆண்டுதோறும் சுருங்கின. 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஐரிஷ் பேச வல்லோம் என்றவர் 1,873,997 பேர். பாடசாலைக்கு வெளியே நாள்தோறும் பேசுவோம் என்றவர் 71,968 பேர். என் மாணவிக்கு இவ்விரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தாற் போதுமாயிருந்திருக்கும்.

இவற்றோடு இன்னொரு நிகழ்ச்சியையுஞ் சேர்த்துப் பார்த்தல் நன்று. ஐரிஷுக்குச் சட்டத்தில் யாதோர் இடமும் இல்லாத வட அயர்லாந்தில், பெல்பாஸ்ற் நகரத்துக் குடும்பங்கள் சில 1969இல் ஷோஸ் வீதியில் அடுத்தடுத்துத் தமக்கு வீடு கட்டத் தொடங்கின. பெற்றோர் எவர்க்கும் ஐரிஷ் தாய்மொழியன்று, கற்றுக்கொண்ட மொழி. அதனையே வீட்டிலும் முற்றத்திலும் பேசுவதென உறுதி செய்துகொண்டனர். 1971இல் ஒன்பது பிள்ளைகளோடு ஒரு பாடசாலையைத் தாமே தொடங்கினர். அரசு அதற்கு உதவிப்பணம் அளித்தது 1984இல். வட அயர்லாந்தில் ஐரிஷுக்குச் சட்ட அங்கீகாரம் அளிக்கும் சட்டம் வந்ததோ 2022இலேயே.

இனி எமது தீவுக்கு வருவாம். அயர்லாந்தின் கதி யாழ்ப்பாணத்துக்கு ஏன் வரவில்லை? ஆட்சியாளர் அதே ஆங்கிலேயர், நூற்றாண்டும் அதுவே. கோல்புறூக் குழுவினர் இங்கும் ஆங்கிலக் கல்வியையே பரிந்துரைத்தனர். ஆயினும் வடக்கில் மிஷனரிமார் ஊர்ப் பாடசாலைகளைத் தமிழிலேயே நடத்தினர். வைத்தியர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அவர்களின் சமயப்பணிக்கு எதிர்நின்ற நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் பாடசாலை நிறுவியபொழுது அதுவும் தமிழாகவே இருந்தது. சண்டையிட்ட இரு திறத்தாரும் ஒரே மொழியிற் சண்டையிட்டமை தமிழுக்கு வாய்த்த பேறு. அயர்லாந்திற் பிள்ளையின் கழுத்திற் கோல் தொங்கிய காலத்தில் இங்கு அவன் மடியில் ஏடும் பின்னர் அச்சுப் பாலபாடமும் இருந்தன. இப்பெருமையைச் சொல்வதற்கு நாம் தயங்குவதில்லை. தெற்கே சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளில் நிகழ்ந்ததைச் சொல்வதற்கு மட்டும் நமக்கு நா எழுவதில்லை.

புத்தளத்திலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள கடற்கரை நெடுங்காலம் தமிழ் வழங்கிய கரை. முன்னேசுவரம் அங்கே உளது. தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் முதன்முதல் எழுதி 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி கற்பிட்டியிற் பிறந்தவர். சிலாபத்தில் நீதிபதியாக இருந்தவர். போர்த்துக்கேயர் காலத்திற் கத்தோலிக்கராகிய மீனவர் தேவாலயத்திலும் தமிழிலேயே செபித்தனர். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் 1742இல் மறைந்தது அக்கரையை அடுத்த போலவத்தையிலேயே. இன்று அக்கரையின் பெரும்பகுதியில் வழங்குவது சிங்களம். உடப்பு போன்ற சில ஊர்கள் எஞ்சின. அங்கே திரௌபதையம்மன் கோயிலும் தீமிதிப்பும் ஊரின் மொழியைப் பிடித்து வைத்திருக்கின்றன.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? அங்கே மொழியின் பெயரால் ஒருவர்க்கும் அடி விழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாய்மொழிக் கல்வி நடைமுறைக்கு வந்தபொழுது, வீட்டிலே தமிழும் சந்தையிலே சிங்களமும் பேசிய அம்மக்கள், தம் பிள்ளையின் தாய்மொழி எது என்று பாடசாலைக்குச் சொல்லவேண்டியவராயினர். தாய்மொழியைக் காப்பதற்கென வந்த கொள்கையே அங்குத் தாய்மொழி மாறும் வாயிலாயிற்று என்பதை எண்ணுந்தோறும் வியப்பே உண்டாகின்றது. 1940 முதல் 1972 வரை சிலாப மேற்றிராணியாராக விளங்கிய எட்மண்ட் பீரிஸ் ஆண்டகை சிங்களப் புலமை மிக்கவர்; தம் மறைமாவட்டப் பாடசாலைகளிற் சிங்களம் இடம்பெற முன்னின்றவர் எனப் பலருங் கூறுவர். அவரை மட்டுங் குறைகூறிப் பயனில்லை. அயலவர் சிங்களவர், மீன் வாங்குவோர் சிங்களவர், உத்தியோகத்துக்கு வேண்டப்பட்டதும் சிங்களம். தகப்பன் என்ன செய்வான்? ஐரிஷ் உழவன் செய்த அதே கணக்கையே அவனுஞ் செய்தான். பின்னர்த் திருப்பலி இலத்தீனிலிருந்து மக்கள் மொழிக்கு வந்தபொழுது, அக்கரையின் ஆலயங்கள் பலவற்றில் அம்மொழி சிங்களமாயிற்று.

சில ஆண்டுகளின் முன் விடைத்தாள் திருத்தும் பணிக்காக நீர்கொழும்பில் இரு கிழமை தங்க நேர்ந்தது. மாலையிற் கடற்கரையோரமாக நடப்பேன். ஒருநாள் வாடியொன்றின் வாயிலில் வலைக்கு அருகிலிருந்த ஒரு முதாட்டி என்னைக் கண்டு, "எந்த ஊர் தம்பி?" என்றார். அவருடைய தமிழ் எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. அத்தமிழை ஆராய்ந்த மொழியியலாளர், தன்மை முன்னிலை படர்க்கைகளைக் காட்டும் வினைவிகுதிகள் அதில் தேய்ந்து, பேச்சுச் சிங்களத்திற்போல மூவிடத்துக்கும் ஒரே வினைவடிவம் வருவதைக் குறித்துள்ளனர். தமிழாசிரியர் காதுக்கு அது பிழையாகப் படும். மலையாளத்திலும் வினை அவ்வாறே நிற்கின்றது. அதனைப் பிழை என்பார் இலர். அம்மூதாட்டி செபமாலையைத் தமிழிற் சொல்வாராம். பேரன் குறுக்கே வந்து ஏதோ சிங்களத்திற் கேட்டான். அவரும் சிங்களத்தில் விடையளித்தார். மீண்டும் என் பக்கம் திரும்பித் தமிழிற் பேசினார். அச்சிறுவனுக்கு நாங்கள் பேசியது ஒன்றும் விளங்கவில்லை என்பது அவன் முகத்திலே தெரிந்தது.

வேறொன்றும் ஈண்டுக் கூறப்படல் வேண்டும். கூறாதுவிடின் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. தமிழ் எங்கும் இளைக்கும் மொழியாகவே இருந்ததில்லை. விழுங்கும் மொழியாகவும் இருந்துள்ளது. வேடர் பற்றிய பெருநூலைச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்டபொழுதே கிழக்குக் கரையோர வேடர் தமிழ் பேசினர். வாகரை, கதிரவெளிப் பகுதிகளில் அவர் வழிவந்தோர் இன்று தமிழே பேசுகின்றனர். அவர்தம் பழைய மொழி அவ்வூர்களில் எக்காலத்தில் மறைந்தது என்று கேட்டு வருந்திய தமிழரை நான் கண்டதில்லை. மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயக் கிளைமொழியும் அத்தகையதே. 1658இற் போர்த்துக்கேயர் நீங்கிய பின்னும் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனை அவர்கள் வீட்டிற் காத்தனர். அவர்களிற் பலர் தச்சரும் கொல்லரும். சொற்கள் போர்த்துக்கேயமாயினும், வினை இறுதியில் நிற்றலும் பெயர் உருபேற்றலும் தமிழைப் பின்பற்றியவை. ஆண்டுகள் செல்ல அவர்களிற் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தனர்; 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை டச்பார் குடியிருப்பை அழித்தது. எஞ்சியவரின் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைக்கே செல்கின்றனர். அங்கே அவர்களின் வீட்டுமொழியை ஒரு மொழியென மதித்த ஆசிரியர் எத்தனை பேர் இருந்திருப்பர்? நான் அங்கே கற்பித்திருந்தால் மதித்திருப்பேனா என்று என்னையே கேட்கின்றேன். விடை எனக்குப் பெருமை தருவதாக இல்லை.

நீர்கொழும்புக் கரையிலே இவை நிகழ்ந்த ஆண்டுகளில் நமது அரசியல் எங்கே நின்றது? 1956ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி, தனிச்சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த நாளில், தமிழ்த் தலைவர்கள் கொழும்புக் காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்து அடிபட்டனர். அத்திடலிலிருந்து நீர்கொழும்பு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். அக்கரையின் பாடசாலைகளுக்காக எழுந்த ஒரு சத்தியாக்கிரகத்தைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. 1957ஆம் ஆண்டுப் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் தமிழை வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழியாக்க உடன்பட்டது. மறுவருடம் அது கிழித்தெறியப்பட்டது. அவ்வாண்டு வந்த தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டமும் நிருவாகத்தைப் பொறுத்தவரை அவ்விரு மாகாணங்களையே கருதிற்று. அதன் ஒழுங்குவிதிகளோ 1966 வரை வரவில்லை. தலைவர்கள் கையிலிருந்ததைக் காக்கவே போராடவேண்டியிருந்தனர் என்பதை மறுக்கேன். ஆயினும் எல்லை கீறியபொழுது நீர்கொழும்பு வெளியே விழுந்தது. விழுந்ததை நாம் திரும்பிப் பார்க்கவில்லை.

சட்டம் ஒன்றுஞ் செய்யாது என்று கூறுவதாக எவருங் கொள்ளற்க. சட்டம் கதவை அடைக்கும், அடைத்தது. சிங்களத் தேர்வுக்குத் தோற்ற மறுத்தமையாற் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீசுவரனின் வழக்கு, 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்று, 1967இல் உயர்நீதிமன்றத்தில் தோற்று, 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று திரும்பிற்று. மொழிச்சட்டம் செல்லுமா என்ற முதன்மை வினாவுக்கு விடை கிடைக்குமுன் 1972இல் அரசியலமைப்பே மாறிவிட்டது. பின்னர் 1987ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதின்மூன்றாந் திருத்தத்தால், தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இலக்கண ஆசிரியனாகிய எனக்கு அங்குள்ள உம்மையிற் கண் செல்வது இயல்பே. அஃது இறந்தது தழீஇய எச்சவும்மை. தனக்குமுன் ஒன்று கூறப்பட்டுவிட்டது என்பதை உணர்த்தி நிற்பது. முப்பத்தோராண்டுப் பூசலும் இழப்பும் சேர்ந்து ஓர் இடைச்சொல்லை ஈட்டின. அச்சொல் அரசியலமைப்பில் உளது. அலுவலக மேசைக்கு அது வந்து சேர்வது வேறு கருமம். மேற்கு அயர்லாந்துக் கிழவன் கண்டதும் அதுவே.

இதை எழுதத் தொடங்குமுன் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. முழுதுஞ் சிங்களம். அயலில் ஒரு கடைக்காரர் சிறிது வாசிப்பார். அவரிடங் கொண்டு சென்றேன். என் சேவைக்கால விபரத்தை இரு கிழமைக்குள் அனுப்புமாறு கேட்டிருக்கின்றனர். வாசித்தறிந்தபொழுது நான்கு நாள் எஞ்சியிருந்தன. விபரத்தை அனுப்பி, இனிமேற் கடிதங்களைத் தமிழில் எழுதுமாறு தமிழில் வேண்டினேன். இரண்டாவது கடிதமும் சிங்களத்தில் வந்தது. மீண்டும் எழுதினேன். மூன்றாவது கடிதம் தமிழில் வந்தது. யாரோ ஒருவர் முயன்று எழுதியிருந்தார். வாக்கியங்கள் தள்ளாடின, எனினும் பொருள் விளங்கிற்று. முகவரியில் எங்கள் ஊர்ப்பெயர் மட்டும் 'உடயர்கடு' என்றிருந்தது. நன்றி கூறி, சரியான எழுத்தை எழுதி அனுப்பியுள்ளேன். நான்காவது கடிதத்துக்குக் காத்திருக்கின்றேன்.